பெரியோர் பெயர்

மக்கள் உள்ளத்தில் வேரூன்றிய விழைவுகளுள், பிறரால் மதிக்கப்பெறல் வேண்டும் என்பதும் ஒன்று. பொருளை வேண்டாதவர் உளர்; பதவியை வேண்டாதவரும் உளர்; மதிப்பை வேண்டாதவரைக் காண்டல் அரிது. கல்வியாலும் கொடையாலும் தொழில் திறத்தாலும் அம்மதிப்பை ஈட்டுதற்கு நெடுங்காலம் செல்லும். காலம் செல்லாத குறுக்குவழி ஒன்று உண்டு. புகழ் பெற்றார் ஒருவருடைய பெயரைப் பேச்சினிடையே எடுத்துவிட்டு, அவர் தமக்கு நன்கு அறிமுகமானவர் என்பதைக் கேட்போர்க்குப் புலப்படுத்திவிடுதலே அவ்வழி.

வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் நிற்க, மேற்கிலும் தெற்கிலும் காவிரி சூழ்ந்தோடப் பரந்து கிடப்பது சேலம், நாமக்கல் சமவெளி. 1997ஆம் ஆண்டுத் தொடக்கம் வரையில் இவ்விரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தன. இச்சமவெளியில் வாழ்வோர்க்கு எடுத்துச் சொல்லப் பெரிய பெயர்கள் பல வாய்த்துள்ளன. 1920இல் நாகபுரியில் கூடிய காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்கிய விசயராகவாச்சாரியார் சேலத்து வழக்கறிஞர். இராசாசியும் சேலத்திலேயே வழக்கறிஞர் தொழில் நடத்தி, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராக விளங்கினார். பின்னர் 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்த சுப்பராயன் குமாரமங்கலத்துச் சமீன்தார். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை காவிரிக்கரை மோகனூரில் பிறந்தவர். ஏற்காட்டுச் சாலையில் 1935இல் தோன்றிய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிலையத்திற்கு வந்து சென்ற நடிகர்களையும் கவிஞர்களையும் எண்ணப் புகுந்தால், அது தனியே ஒரு பட்டியல் ஆகும்.

ஆகவே இராசிபுரத்துச் சந்தையிலோ, சேலத்துக் கச்சேரி வாயிலிலோ, ஈரோட்டுப் புகைவண்டியிலோ இருவர் பேசிக்கொண்டிருப்பதைச் செவிமடுத்தால், நெய்விலையையோ மஞ்சள் விலையையோ பற்றி எழுந்த பேச்சு, எதிர்பாராத ஓரிடத்தில் திரும்பிப் பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் நிற்பதைக் காணலாம். “அவர் நமக்கு ரொம்ப வேண்டியவருங்க” என்பார் ஒருவர். அவர் தம் பாட்டனார் கையால் மோர் வாங்கிப் பருகினார் என்பது தொடரும். சிலர் இன்னும் ஒருபடி மேற்சென்று, உலகமெல்லாம் அடைமொழியோடு வழங்கும் பெயரை அடைமொழி நீக்கி மொட்டையாகச் சொல்வர். நெருக்கத்தைக் காட்டுதற்கு மரியாதையைக் குறைத்துக்கொள்வது இவர்தம் இலக்கணம் போலும்! உண்மையில் நெருங்கிப் பழகியவர், பழகப் பழக மரியாதையை மிகுத்துச் சொல்வதே நாம் காணும் வழக்கம்.

இங்ஙனம் கூறுவோர் பொய் கூறுகின்றனர் என்று கொள்ளுதல் வேண்டா. பெரும்பாலோர் மெய்யே கூறுகின்றனர். பெரியவர் வந்தது உண்மை. மோர் பருகியதும் உண்மையாகவே இருக்கலாம். கேட்பவர் வியந்து தலையசைக்கின்றார். ஆயினும் அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்து, நாகரிகம் கருதி நாவளவில் வாராமல் நின்றுவிடுகின்றது. “அப்பெரியவர் பெரியவரே, நீர் யார்? உமக்கு என்ன தெரியும்?” என்பதே அவ்வினா.

இப்பழக்கம் நம் நாட்டிற்கே உரியது என்று எண்ணி நாணவும் வேண்டா. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் உரோமாபுரியில் வாழ்ந்த ஓரேசு என்னும் இலத்தீன் புலவர், தெருவில் தம்மைப் பற்றிக்கொண்டு விடாமல் தொடர்ந்த ஒருவனைக் குறித்து நகைச்சுவைப் பாட்டு ஒன்று இயற்றியிருக்கிறார். அகத்தசு மன்னனுக்கு உற்ற நண்பராகிய மைசினாசு என்னும் செல்வரோடு தன்னைப் பழக்கம் செய்துவைக்க வேண்டும் என்பதே அவன் வேண்டுகோள். பெரியவர் ஒருவரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எந்நாட்டு மண்ணிலும் முளைக்கும்.

தமிழ்ப் பெரியோர் இதனைக் கருதிப் பார்த்தனரா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், தம்மைத் தாமே புகழ்தல் தகுதியன்று என்று பாயிரத்தில் விதித்தார். ஒருவர் அரிய நூல்களை ஆக்கிப் பல துறையிலும் வல்லவராயினும் இவ்விதி அவர்க்கும் பொருந்தும் என்றார். அடுத்து, விலக்காக நான்கு இடங்களைக் காட்டினார். அரசனது அவைக்கு ஓலை எழுதும்போதும், தம் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வாதித்து வெல்ல வேண்டிய போதும், எதிரி தம்மைப் பழித்த போதும் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம். சிறப்புப் பாயிரம் இயற்றுதற்கு உரியார் இன்னார் என்றும் அவர் வரையறுத்தார்: நூலாசிரியனுக்குக் கற்பித்த ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுந்த உரைகாரன் என்போரே அவர். புகழ் பிறர் வாயிலிருந்து வரவேண்டும்; அதுவும், புகழப்படுவாரது கல்வியை உள்ளவாறு அறிந்தார் வாயிலிருந்து வரவேண்டும் என்பது கருத்து.

பெரியோர் பெயரைச் சொல்லி மதிப்புத் தேடுவோர் இவ்விதியின் வேலியில் ஒரு சந்தைக் கண்டுபிடித்தவர் ஆவர். அவர் தம்மைப் புகழ்வதில்லை, பிறரைத்தான் புகழ்கின்றார். ஆனால், புகழின் நிழல் தம்மேல் விழுமாறு நின்றுகொண்டு புகழ்கின்றார். பவணந்தியார் இதற்கெனத் தனி நூற்பா ஒன்று செய்யாது விட்டார்.

இனி, இவ்வகைப் பெயர் சொல்லுதலை எல்லாம் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. “இன்னாரிடம் பாடங் கேட்டவன்” என்று மாணாக்கன் தன் ஆசிரியர் பெயரைச் சொல்லுதல் தமிழ் மரபிற்கு ஒத்தது, கடப்பாடும் ஆகும். அச்சிட்ட சான்றிதழ் இல்லாத காலத்தில் ஆசிரியர் பெயரே சான்றிதழாக நின்றது. அத்தகைய தகுதி வாய்ந்த பெயர் ஒன்று சொல்லப்பட்டு, அதுவும் பயன்படாது போன ஒரு நிகழ்ச்சி தமிழ் வரலாற்றில் உண்டு. அது பயன்படாமற் போனதால் தமிழ் அடைந்த பயன் பெரிது. அந்நிகழ்ச்சியில் வினவியவர் சேலத்தைச் சேர்ந்தவர். விடை கூறியவர் உ. வே. சாமிநாதையர்.

1855இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த ஐயரவர்கள், 1871இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து மாணாக்கரானார். பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீன வித்துவான். தலபுராணங்களும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களுமாக அவர் பாடிக் குவித்தவை மிகப் பல. பாடம் சொல்லுதற்கு மாணாக்கரிடம் பொருள் பெறுதல் அவர்பால் இல்லை. சைவர், வைணவர், கிறித்தவர் என்ற வேறுபாடும் இல்லை. சோழ நாட்டில் தமிழ் கற்றோர் கூடும் இடங்களில் அவர் பெயரைச் சொன்ன அளவில் முகங்கள் மலரும், “அவர் மாணாக்கரா!” என்று இருக்கை இடுவர், உணவருந்திச் செல்லுமாறு வற்புறுத்துவர். 1876இல் பிள்ளையவர்கள் மறைந்த பின்னரும் அப்பெயரின் ஆற்றல் குறையவில்லை. 

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. 1880இல் அவர் ஓய்வு பெற்றபோது அவ்விடத்திற்கு ஐயரவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். கல்லூரித் தலைவர் கோபாலராவும் பிற ஆசிரியர்களும் ஐயரவர்களின் புலமையைச் சோதித்துப் பார்த்த பின்னரே வேலை உறுதியாயிற்று. சம்பளம் மாதம் 50 ரூபாய். இருபத்தைந்து வயது இளைஞர்க்கு அக்காலத்தில் அது பெரிய நிலை. மாணாக்கர் அன்பு செலுத்தினர், ஊரார் மதித்தனர். தாம் கற்றது கடல் என்றே அவர் எண்ணியிருந்தார். எண்ணியதில் வியப்பும் இல்லை.

அவ்வாண்டிலே அரியலூரிலிருந்து கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றம் பெற்று வந்தார் சேலம் இராமசுவாமி முதலியார். அவர் 1852இல் பிறந்தவர். ஐயரவர்களினும் மூன்றாண்டே மூத்தவர். ஆங்கிலம் கற்று நீதித்துறையில் அமர்ந்தவராயினும் தமிழில் பேரார்வம் உடையவர். அவரைப் பற்றி அறிந்த திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர், அவரைச் சென்று காணுமாறு ஐயரவர்கட்கு அறிவுறுத்தினார். அக்டோபர் மாதத்து ஒருநாள் ஐயரவர்கள் முதலியார் இல்லம் சென்றார்.

கல்லூரித் தமிழாசிரியர் என்று அறிந்த பின்னும் முதலியார் பேச்சில் தனி உவகை ஒன்றும் தோன்றவில்லை. அயலார் ஒருவரிடம் பேசுவது போலவே பேசினார். யாரிடம் பாடங் கேட்டது என்று வினவினார். ஐயரவர்கள் பிள்ளையவர்கள் பெயரைச் சொன்னார். தமிழ் அறிந்த ஒருவர் அப்பெயரைக் கேட்டுக் குளிராமல் இருத்தல் இயலாது என்பது அவர் கண்டறிந்த அனுபவம். அப்பெயரேனும் முதலியாரின் உள்ளத்தை இளக்கும் என்று எதிர்பார்த்தார். முதலியார் முகத்தில் யாதொரு மாற்றமும் இல்லை. கேட்டுக்கொண்டார், அவ்வளவே. 

அந்நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சோழ நாட்டுக் கதவுகளையெல்லாம் திறந்த திறவுகோல் ஒரு கதவில் மட்டும் சுழலவில்லை. பிள்ளையவர்கள்பால் முதலியார்க்கு மதிப்பு இல்லாமையே இதற்குக் காரணம் என்று கொள்ளுதற்கு இடமில்லை. அவர் அறிய விரும்பியது எதிரே அமர்ந்திருந்த இளைஞர்க்கு என்ன தெரியும் என்பதையே. சந்தையிலும் புகைவண்டியிலும் நாகரிகம் கருதி நாவளவில் நின்றுவிடும் அவ்வினாவைச் சேலத்து முன்சீபு நாகரிகம் கருதாமல் வினவிவிட்டார்: என்னென்ன நூல்கள் படித்திருக்கின்றீர்?

ஐயரவர்கள் எண்ணத் தொடங்கினார். முதலில் அந்தாதிகள், அவற்றின்பின் கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்னும் பிரபந்தங்கள். ஊர்ப்பெயர்களோடு அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றாற் பயன் என்ன என்று முதலியார் இடைமறித்தார். ஐயரவர்கட்கு அது இடி விழுந்தாற்போல் இருந்தது. புராணங்களைச் சொன்னார், காப்பியங்களைச் சொன்னார், இலக்கணங்களையும் சொன்னார். முதலியார் அமைதியடையவில்லை.

இவ்விடத்தில் முதலியார் கூற்றை முழுதும் ஏற்றல் அரிது. அந்தாதியும் யமகமும் திரிபும் கற்பது பயனற்ற உழைப்பு என்று கூறுவோர் அக்காலத்தும் இருந்தனர், இக்காலத்தும் உளர். ஒரு சொல்லைப் பிரிக்கும் வகையெல்லாம் பிரித்துப் பொருள் காணும் பழக்கம் அத்தகைய நூல்களாற்றான் வரும். பிற்காலத்தில், சிதைந்த ஏட்டில் பாதி எழுத்து மறைந்த அடியைப் பார்த்து, இங்கே இருந்திருக்கக்கூடிய சொல் இதுவே என்று துணியும் ஆற்றலை ஐயரவர்கட்கு அளித்தவற்றுள் அந்தாதிப் பயிற்சியும் ஒன்று. பிள்ளையவர்கள் புகட்டிய பாடம் வீண்போகவில்லை. ஆயினும் முதலியார் சுட்டிய குறையும் மெய்க்குறையே. கற்றவர் என்று சிறந்து விளங்கியவர்களே தமிழின் பழஞ்செல்வத்தைக் கண்ணாலும் கண்டிலர்.

முதலியார் அடுத்துக் கேட்டார்: சீவகசிந்தாமணி படித்தது உண்டா? மணிமேகலை உண்டா? சிலப்பதிகாரம் உண்டா?

அந்நூல்களை ஐயரவர்கள் கற்றதில்லை. அவர் ஆசிரியரும் கற்றிலர். சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை மட்டும் 1868இல் பவர் என்னும் பாதிரியார் அச்சிற் பதிப்பித்திருந்தார், முழுநூல் அச்சேறவில்லை. இவ்வாறு கேட்கப்பட்டவர்க்கு அந்நிலையில் வழிகள் பல உண்டு. ஆசிரியரின் பெருமையை மீண்டும் விரித்துரைக்கலாம். ஆதீனத் தலைவர் தம்மிடம் கொண்ட அன்பை எடுத்துக்காட்டலாம்; அவர் அனுப்பியே தாம் வந்ததாகவும் குறிப்பிடலாம். படிக்காத நூலைப் படித்ததாகவே சொல்லிவிடுதலும் உலகில் நிகழ்வதே. ஐயரவர்கள் இவற்றுள் ஒன்றையும் செய்திலர். அந்நூல்கள் தமக்குக் கிடைத்தில. கிடைக்குமாயின் படித்துப் பொருள் கூறும் துணிவு தமக்கு உண்டு என்று அஞ்சாது விடையிறுத்தார்.

அப்பொழுதுதான் முதலியார் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு தோன்றியது. பெரியதொரு பெயர் செய்யாததை அச்சிறு விடை செய்தது. நூலைத் தாம் தந்தால் பாடம் சொல்ல இயலுமா என்று கேட்டார். இயலும் என்றார் ஐயரவர்கள். பவணந்தியார் காட்டிய நான்கு இடங்களுள் இரண்டாவது இதுவே: தம் ஆற்றலை அறியாதாரிடையே தம் ஆற்றலைத் தாமே கூறிக்கொள்ளலாம் என்ற விலக்கு. நன்னூலைக் கரைத்துக் குடித்திருந்த ஐயரவர்கட்கு அந்நொடியில் அந்நூற்பா நினைவிற்கு வந்ததோ இல்லையோ, அவர் நின்றது அவ்விதியின் எல்லைக்குள்ளேயே.

முதலியார் சொன்னவாறே சிந்தாமணியின் கடிதப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். அதனைத் திறந்தபோதுதான் தம் கல்வியின் எல்லை இது என்பதை ஐயரவர்கள் உணர்ந்தார். திருத்தக்கதேவர் இயற்றிய அந்நூல் பதின்மூன்று இலம்பகம் கொண்டது. சைன சமயக் காப்பியம். சைவச் சூழலிலே வளர்ந்தவர்க்கு அச்சமயத்தின் சொற்கள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையோ, அறிந்தவர்க்கே அறிவிக்கும் தன்மையது. மேற்கோள் காட்டும் நூலின் பெயரைக் கூறாது விடுவது அவ்வுரைகாரர்க்கு வழக்கம். எந்தப் பெயரைச் சொல்லியும் கடக்க இயலாத காடாக அது இருந்தது.

கும்பகோணத்திலேயே சைனர் சிலர் வாழ்ந்து வந்தனர். ஐயரவர்கள் அவர்தம் இல்லங்களைத் தேடிச் சென்று, மாணாக்கரைப் போல் அமர்ந்து, ஐயம் கேட்டுத் தெளிந்தார். கல்லூரி ஆசிரியர், மகாவித்துவானின் மாணாக்கர் என்ற பெருமைகளை வாயிலிலேயே விட்டுவிட்டுத்தான் அவ்வில்லங்களுள் நுழைந்திருத்தல் வேண்டும். அங்கே சிந்தாமணியைப் பொழுதுபோக்காக அன்றி, வழிபாட்டு நூலாகப் படித்து வந்தனர். புலவர் அவை அறியாத பொருள்கள் பல அவ்வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொற்களாக இருந்தன. ஒருபால் அவர்களிடம் கேட்டும், ஒருபால் முதலியார்க்குப் பாடம் சொல்லியும் நூல் முன்னேறியது.

பின்னர் முதலியார் அரசுப் பணியினின்று நீங்கிச் சென்னையில் வழக்கறிஞரானார். சிந்தாமணியைப் பதிப்பித்தல் வேண்டும் என்ற அவர் தூண்டுதல் ஓயவில்லை. ஐயரவர்கள் பல ஊர்களிலிருந்து ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டார். அக்காலத்தில் ஏடுகள் செல்லுக்கு இரையாகியும், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பெற்றும், நெருப்பில் இடப்பெற்றும் நாள்தோறும் அழிந்துகொண்டிருந்தன. ஓராண்டு தாழ்த்தால் ஒரு பிரதி குறையும் என்ற நிலை. 1887இல் சீவகசிந்தாமணி முழுமையாக நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. அன்று முன்சீபு கேட்ட மூன்று நூல்களும் பதினெட்டு ஆண்டுகளுள் அச்சில் நின்றன. (இத்துறையில் ஐயரவர்கள் தனியர் அல்லர் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும், யாழ்ப்பாணத்துத் தாமோதரம் பிள்ளை 1887இலேயே கலித்தொகையைப் பதிப்பித்தார்.)

பெயரை மதியாத முதலியார் தம் பெயரை எவ்வாறு பயன்படுத்தினார் என்பதும் அறியத்தக்கது. அவர் பெரியோர் பழக்கம் இல்லாதவர் அல்லர். 1885இல் இந்திய மக்களின் நிலையை இங்கிலாந்து நாட்டினர்க்கு எடுத்துரைக்க மூன்று மாகாணங்களிலிருந்து மூவர் அனுப்பப்பட்டனர். வங்காளத்திலிருந்து மன்மோகன் கோசும், பம்பாயிலிருந்து சந்தாவர்க்கரும், சென்னையிலிருந்து சேலம் இராமசுவாமி முதலியாரும் சென்றனர். காங்கிரசு மகாசபை தோன்றிய ஆண்டும் அதுவே. இத்துணைத் தொடர்பு உடைய ஒருவர் தம் பேச்சில் எத்தனை பெயர்களை வேண்டுமாயினும் எடுத்து வீசியிருக்கலாம். ஐயரவர்கள் பதிப்பு வேலையாகச் சென்னை வந்தபோது, முதலியார் அவரைத் தம் நண்பர்களிடம் அழைத்துச் சென்று அறிமுகம் செய்வித்தார். அங்கும் பெரியோர் பெயர்கள் பேசப்பட்டன. ஆனால் பேசியவர்க்கு அவற்றால் வரவேண்டிய மதிப்பு ஒன்றும் இல்லை. சிந்தாமணிக்குக் கையொப்பக்காரர் கிடைக்க வேண்டும், தாள் வாங்கப் பணம் சேர வேண்டும். அதற்காகவே அப்பழக்கங்கள் எல்லாம் செலவழிக்கப்பட்டன. ஒரே செயல்தான்: பெரியவரைத் தெரியும் என்று சொல்லுதல். ஒருவர் அதனால் தமக்கு வரவு வைத்துக்கொள்கின்றார். மற்றொருவர் பிறர்க்காகச் செலவு எழுதுகின்றார். 1892இல், நாற்பது வயதளவிலே முதலியார் மறைந்தார். சிலப்பதிகாரம் அவ்வாண்டிலேதான் வெளிவந்தது.

காலம் செல்லச் செல்ல ஐயரவர்கள் பெயரே பிறர் எடுத்துச் சொல்லும் பெயராயிற்று. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்தது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. 1937இல் சென்னையில் காந்தியடிகள் தலைமையில் கூடிய பாரதீய சாகித்திய பரிசத்து மாநாட்டில் வரவேற்புரை கூறியவர் அவரே. அந்நிலையிலும், தாம் யார் என்று சொல்ல வேண்டிய இடங்களில் அவர் சொல்லிக்கொண்டது பிள்ளையவர்களின் மாணாக்கர் என்பதையே. ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். ஆசிரியரது பெயரால் தமக்கு மதிப்புத் தேடிய காலம் போய், ஆசிரியர் பெயர் நிலைப்பதற்குத் தம் உழைப்பை அளித்த காலம் அது.

தம் வாழ்க்கை வரலாற்றை அவர் 1940 முதல் ஆனந்த விகடன் இதழில் தொடர்ந்து எழுதிவந்தார். 1942இல் அவர் காலமானமையால் அது முற்றுப்பெறாமலே நின்றது; பின்னர் 1950இல் ‘என் சரித்திரம்’ என நூலாயிற்று. எண்பத்தைந்து வயதைக் கடந்த முதியவர், தமிழுலகம் முழுதும் போற்றும் நிலையில் அமர்ந்து எழுதியது அது. தமக்குக் கிடைத்த பாராட்டுகளை மட்டும் தொகுத்துக் கூறியிருந்தாலும் குறை சொல்வார் இலர். ஆனால், முன்சீபு ஒருவர் வீட்டில் தாம் சொன்ன பெயர் எடுபடாமற் போனதையும், சொன்ன நூல்கள் ஒவ்வொன்றாகத் தள்ளப்பட்டதையும், உள்ளம் சுருங்கியதையும் ஒன்றும் மறைக்காமல் அவர் அதில் எழுதியிருக்கிறார். அறுபது ஆண்டுகட்கு முந்தைய அந்நாளின் தேதியும் கிழமையும்கூட அதில் குறிக்கப்பட்டுள்ளன: 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் நாள், வியாழக்கிழமை.